ஆணித்துளை இல்லாத பித்தளை

கனடாவிலிருந்து நெடுந்தீவுக்கு லீவில் வந்த சதீசன், பித்தளை கண்டால் கீச்சிடும் கருவியொன்றைக் கொண்டுவந்திருந்தான். விமான நிலையத்தில் என்ன பொய் சொல்லித் தப்பினானோ, அவனுக்கே வெளிச்சம். காலையில் பின்வளவுப் பனையடியில் அது கத்தியது. தோண்டினால், உள்ளங்கையளவில் வட்டமான பித்தளையொன்று.

அவனுடைய அக்கா சிவரூபி அதைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். போரில் ஊர் இடம்பெயர்ந்தபோது கோயில் வாகனசாலைப் பூட்டின் திறப்பு அவர்களுடைய அப்பா கதிர்காமுவிடம்தான் இருந்தது. திரும்பி வந்து பார்த்தால், வேட்டைத் திருவிழாவில் சாமி ஏறும் மரக்குதிரையின் மார்பில் அறைந்திருந்த வட்டமான பித்தளைப் பட்டத்தைக் காணவில்லை. களவு போகாமலிருக்கக் கழற்றித் தன் வளவுக்குள் மண் தோண்டித் தாட்டதாகவும், இடம் பிடிபடவில்லை என்றும் அப்பா சொன்னார். ஊர் நம்பாமல் சிரித்தது. அன்றிலிருந்து அவர் கோயிலுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. அப்பாவை நம்புவதா, ஊரை நம்புவதா என்று சிவரூபிக்கும் தெரியாது. பெற்ற மகள் இதை யாரிடம் போய்ச் சொல்வாள்?

புளி போட்டு மினுக்கினாள். பித்தளை துலங்கத் துலங்க மண்டை குழம்பியது. மரத்தில் அறைந்த பட்டமென்றால் ஆணித்துளை இருக்கவேண்டும். இதில் ஒன்றுகூட இல்லை. பின்பக்கம் இரண்டு வளையங்கள் மட்டும், உட்புறம் தேய்ந்து மெலிந்து போயிருந்தன.

சதீசன் போனில் படங்களைத் தட்டித் தட்டி ஒப்பிட்டான்.

"அக்கா, இது தோல்வார் கொழுவுற வளையம். வார் இழுபட்டுத்தான் தேஞ்சிருக்கு. ஒல்லாந்தன்ரையோ வெள்ளைக்காரன்ரையோ தெரியேல்லை, ஆனா உயிர்க்குதிரை போட்ட சாமான்."

அதற்குள் அப்பா வந்து கையில் வாங்கினார். ஒருமுறை புரட்டிப் பார்த்தார்.

"இதுதான் நான் தாட்டது," என்றார். நேரே கிணற்றடிக்குக் குளிக்கப் போய்விட்டார்.

சிவரூபிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வருசாவருசம் அந்தப் பட்டத்தை மினுக்கி ஆணி இறுக்கிய மனிசன். அவருக்கா அடையாளம் தெரியாது? வயது போய்விட்டதா? இல்லை, எதையும் தாட்டிராத ஆளுக்கு எந்தப் பித்தளையும் ஒன்றுதானா? அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் நினைப்பு போகவில்லை.

குளித்துவிட்டு அப்பா கோயிலுக்குப் புறப்பட்டார்: வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கையில் பித்தளை. படலையடியில் அவரை மறித்தாள்.

"அப்பா, இதிலை ஆணித்துளை இல்லை. இது உயிர்க்குதிரையின்ரை சாமான். கோயில் குதிரையிலை வைச்சுப் பாத்தாச் சனம் திரும்பவும் சிரிக்கும்."

"தெரியும், பிள்ளை. கையிலை வாங்கின உடனையே தெரியும்."

"அப்ப ஏன் இதுதான் எண்டனீங்கள்?"

"வெறுங்கையோடை எத்தினை தரம் கோயில் வாசல்மட்டும் போய்த் திரும்பினனான். சாகமுன்னம் ஒருக்கா உள்ளுக்கை நிண்டு கும்பிட வேணும்."

அவள் கையை நீட்டினாள். "உந்தப் பித்தளையை என்னட்டைத் தாங்கோ. வெறுங்கையோடையே வாங்கோ, நானும் வாறன்."

அவர் அவளை நேராகப் பார்த்தார்.

"நான் தாட்டனான் எண்டு நீ நம்புறியோ?"

ஓம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். சொல் வரப் பிந்திவிட்டது. அப்பா பித்தளையை அவள் கையில் வைத்துவிட்டு, கோயிலுக்கென்று கட்டிய வேட்டியை மாற்ற உள்ளே போனார்.