நமத்த தோட்டா

செஞ்சியிலிருந்து வல்லம் போகும் சாலையில் பாறைக்குன்றை ஒட்டியிருந்த துப்பாக்கிப் பயிற்சி மைதானத்தில் அன்புக்கரசிக்கு ஒரே வேலைதான். சுடுகிறவர்களுக்கு எதுவும் ஆகாமல் பார்த்துக்கொள்வது. பதினோரு வருடமாக யாருக்கும் எதுவும் ஆனதில்லை.

புயல் மழையில் கிடங்குக்குள் தண்ணீர் புகுந்து தோட்டாப் பெட்டிகள் நனைந்துவிட்டன. உப்பியவற்றையும், பித்தளையில் பச்சை பூத்தவற்றையும் அவள் தனியே எடுத்து வைத்தாள்.

"மிச்சமும் வேணாங்க. மேலுக்கு நல்லா இருக்கும், உள்ள மருந்து நமத்துப்போயிருக்கும்" என்று மைதானத்தின் செயலாளர் முருகையனிடம் சொன்னாள்.

"அடுத்த வாரம் போட்டி. புதுசு வர ஒரு மாசம் ஆவும். நல்லதா பொறுக்கிக் குடும்மா."

பொறுக்கிக் கொடுத்தாள்.

அன்று சுட வந்தவள் வல்லத்து மஞ்சு. மாநில அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். ஒற்றைக்குழல் துப்பாக்கியால், பறக்கும் களிமண் தட்டுகளைச் சிதறடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு சத்தம் வேறு மாதிரி கேட்க, அன்புக்கரசி நிறுத்தச் சொல்லிக் குழலுக்குள் கம்பி விட்டுப் பார்த்தாள். அடைப்பு ஏதுமில்லை.

"இன்னா மேடம், எதுக்கெடுத்தாலும் டென்ஷனா?" முருகையன் சிரித்தார். நின்றவர்களும் சிரித்தார்கள்.

அரைமணி கழித்து ஒரு தோட்டா நனைந்த பட்டாசுபோல் புஸ்ஸென்றது. குழல் நுனியில் கொஞ்சம் புகை. தட்டு முழுசாகப் போய் விழுந்தது. குண்டு வெளியே போகாமல் குழலுக்குள்ளேயே சிக்கிவிட்டது, இன்னொன்று சுட்டால் குழல் வெடிக்கும் என்று அன்புக்கரசிக்குத் தெரிந்தது. 'ஸ்டாப்' என்ற சொல் தொண்டைவரை வந்தது. இப்போதும் ஒன்றுமில்லாமல் போனால்? முருகையன் பக்கம் அவள் கண் போனது.

அதற்குள் மஞ்சு அடுத்த தோட்டாவைப் போட்டுத் துப்பாக்கியைத் தூக்கிவிட்டாள். அன்புக்கரசி கத்தியதும் குழல் வெடித்ததும் ஒன்றாக நடந்தன.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் மஞ்சுவின் இடது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். மறுநாள் போனபோது, அவளுடைய அம்மா மாரியம்மாள் அன்புக்கரசியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீ கத்தினியாமே, தாயி. இவதான் காதுல அடைப்பான் போட்டுக்கினு இருந்தா, கேக்கலயாம்."

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். அன்புக்கரசியால் முடியவில்லை.

"இல்லக்கா. புஸ்ஸுன்னு போனப்பவே எனக்குத் தெரிஞ்சிடிச்சி. நான் லேட்டாதான் கத்தினேன்."

கட்டிலில் மஞ்சு கண் திறந்தாள். "ஏங்க்கா?"

"சிரிப்பாங்கன்னு."

மஞ்சு அவளையே பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பிடித்திருந்த கையை மாரியம்மாள் மெதுவாக விட்டாள். "நீ போயிடு, தாயி" என்றாள்.

துப்பாக்கி பழசு என்று முருகையன் விசாரணைக்கு எழுதிக் கொடுத்தார். நடந்ததை நடந்தபடி அன்புக்கரசியும் நான்கு பக்கம் எழுதினாள். வாங்கிக்கொண்டார்கள், ஒருவரும் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. வேலையை விட்டாள்.

போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை வல்லத்துக்குப் போனாள். மஞ்சுவின் வீட்டுக்குள் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டியதும் அது நின்றது. கதவு மட்டும் திறக்கவில்லை. வெயில் ஏறும்வரை நின்றுவிட்டு, செஞ்சிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினாள்.