எல்லைக்கல்லாக ஓர் எருதின் மண்டையோடு

1.
இந்தக் கதைக்குக் காரணம் கலிபோர்னியாவில் எங்கள் குடியிருப்பின் வாசல் வளைவு. எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு அதில் பொறிக்க 'பெருமைமிகு வரலாறு' வேண்டுமாம். தொடங்கினேன்:

"மெக்சிகோ ஆட்சியில், கலிபோர்னியாவின் பொன்வெயிலில், வீரத்திருமகன் தோன் எலேயுதேரியோ..."

போதும். ஆளுநர் மானியமாகத் தந்த நிலத்தை அளந்த அன்று வீரத்திருமகன் குதிரையிலிருந்து இரண்டு முறை விழுந்தார். (யார் பார்த்தது என்று கேட்காதீர்கள். கதை என்னுடையது.)

2.
அளந்த விதம்: இரண்டு குதிரைகள், நடுவே ஒரு தோல்கயிறு. காலைப் பனியில் கயிறு நீளும், வெயிலில் சுருங்கும். மாட்டுக்கறி வெந்த வாசம் வந்ததும் மிச்சத்தைக் கண்ணாலேயே அளந்தார்கள். ஆளுநரின் பட்டயம் சொன்னது: 'எருதின் மண்டையோட்டிலிருந்து தெற்கே, ஏறக்குறைய இரண்டு லீக்.' (லீக் என்றால் குதிரை அலுத்துக்கொள்ளும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அந்த 'ஏறக்குறைய'வுக்காக யாரும் அடித்துக்கொள்ளவில்லை. அது ஒரு பொற்கால... [அடித்துவிட்டேன். மாடுகள் மேய்ந்தது பூர்வகுடிகளின் நிலத்தில். அதை யார் அளந்தார்கள்?]

3.
கொடி மாறியது. 1864இல் பழைய பட்டயத்தைச் சரிபார்க்க அமெரிக்க சர்வேயர் இரும்புச் சங்கிலியோடு வந்தார். எலேயுதேரியோ உயிரோடில்லை. விதவை புருதென்சியாவும் கொழுந்தன் கசிமிரோவும் மேட்டில் நின்றார்கள். இரண்டு வருடமாக மழை இல்லை. சமவெளி முழுக்க செத்த மாடுகளின் மண்டையோடுகள்.

"இதுல எதும்மா உங்க எல்லை?" என்றார் சர்வேயர்.

புருதென்சியா கசிமிரோவை ஓரமாக அழைத்துப் போனாள். "கயித்தோட மறுமுனைய நீங்கதானே பிடிச்சீங்க?"

"பிடிச்சேன் அண்ணி. அப்ப செத்திருந்தது ஒரே ஒரு மாடு."

"எங்க கிடந்துச்சு?"

"ஊத்துக்கு இந்தப் பக்கம். அதுமேல உக்காந்துதான் கறி தின்னேன்."

"அப்படின்னா ஊத்து நமக்கு இல்லையே. மிச்சமிருக்கற மாடு எத நக்கும், உங்க மூஞ்சியவா?"

"அந்தப் பக்கம் கிடக்கறதக் காட்டுங்களேன். செத்த மாடு வந்து மறுத்துப் பேசவா போகுது?"

"பைபிள் மேல சத்தியம் பண்ணச் சொல்றானே!"

"அண்ணன் மேல சத்தியம்னா கவலையே இல்ல. அவரே பாதி பொய்."

4.
சங்கம் விரும்பும் முடிவு: புருதென்சியா புன்னகையோடு நிலத்தைப் புதிய நாட்டுக்கு... (பேனாவே இருமியது.)

வேறு முடிவு: அவள் ஊற்றைத் தாண்டி நடக்கிறாள். ஒரு மண்டையோட்டின் மேல் கை வைக்கிறாள். "சத்தியமா?" என்கிறார் சர்வேயர். அவள் வாய் திறக்கிறாள்.

இங்கே நிறுத்துகிறேன். 'ஆமாம்' என்றால் பொய்ச்சத்தியம். 'இல்லை' என்றால் மாடுகள் சாகும். தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை: அந்த ஊற்றை மூடித்தான் என் வீட்டைக் கட்டியிருக்கிறார்கள்.

உங்கள் வீடு அங்கே இல்லையே. நீங்கள் சொல்லுங்கள்.