மீதி ஏழு

தராசில் இருந்த வெடிமருந்தை மூன்றாம் முறையும் எடை பார்த்துவிட்டு, ஆர்விட் அதைப் பித்தளை உறைக்குள் கொட்டினார். மொத்தம் பத்துத் தோட்டாக்கள். பழைய மருந்து, பழைய எடை, குண்டு உள்ளே அமரும் ஆழமும் பழையதுதான். பெட்டி மட்டும் புதிது. அதன்மேல் ‘ஜூன், புதுக் கலவை’ என்று எழுதும்போது பேனா தயங்கியது. முப்பது வருஷமாகத் தோட்டா செய்கிறார், பெட்டியின்மேல் பொய் எழுதியதில்லை. ஆனால் பழையது என்று தெரிந்தால் நண்பர் கிளீட் தொடவே மாட்டார்.

போன அக்டோபரில் கிளீட் சுட்ட எல்க் மான் வயிற்றுக் காயத்தோடு பைன் மரங்களுக்குள் ஓடிப்போனது. இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. “உன் தோட்டாதாண்டா அதக் கொன்னுச்சு, அதுவும் பாதி” என்று சொல்லிவிட்டு வண்டியேறிய கிளீட், அப்புறம் மாதக்கணக்கில் பேசவில்லை.

மொன்டானாவின் குளிர்காலம் முழுக்க ஆர்விட் அந்தக் குறையைத் தேடினார். மருந்தைக் கூட்டினார், குறைத்தார். குண்டை மயிரிழை வெளியே இழுத்து வைத்தார். மும்மூன்றாகச் சுட்டுப் பார்த்தபோது ஒவ்வொரு குறிக் காகிதமும் ஒரு கதை சொன்னது. பத்துப் பத்தாகச் சுட்டதும் எல்லாக் கதையும் ஒன்றாகிவிட்டது. மார்ச் மாதம் கிளீட்டின் மனைவி நோரீன், அவருக்குத் தெரியாமல் அவருடைய துப்பாக்கியையே கொண்டுவந்தாள். அந்தப் பழைய தோட்டாக்களில் பத்தை அதிலே போட்டு ஆர்விட் சுட்டார். நூறு கஜத்தில் பத்தும் ஒரு கோழிமுட்டை அளவுக்குள் அடங்கின. நோரீன் காகிதத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“காபிக் கோப்பைய இப்பல்லாம் ரெண்டு கையாலதான் புடிக்கிறாரு” என்றாள்.

அதைக் கிளீட்டிடம் வாயால் சொல்ல ஆர்விட்டுக்குத் தெம்பில்லை. காகிதமே சொல்லட்டும் என்றுதான் இன்று அவரைச் சுடக் கூப்பிட்டார்.

“இந்தத் தடவையாச்சும் மருந்து போட்டியா, இல்ல உங்க நார்வேக்காரங்க கருவாட்டுத் தூளா?” கிளீட் சிரித்துக்கொண்டே மணல் மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்தார். பழைய சிரிப்பு. அதைக் கேட்டு எட்டு மாசமாயிற்று.

மூன்று வெடி. தொலைநோக்கியில் ஆர்விட் பார்த்தார். மூன்று ஓட்டைகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன.

“பாத்தியா! ஒரு காசு வச்சு மூடிடலாம்! மருந்துலதாண்டா கோளாறுன்னு அன்னைக்கே சொன்னேன்ல? அக்டோபர்ல மலையேறுறோம்!” கிளீட் எழுந்தேவிட்டார்.

இப்படியே விட்டுவிட்டால் என்ன என்று ஆர்விட்டுக்குத் தோன்றியது. நண்பன் திரும்பக் கிடைத்துவிடுவான். மலையில் இன்னொரு மான் வயிறு கிழிந்து ஓடும்.

“இன்னும் ஏழு இருக்கு. அதையும் சுட்டுரு.”

“எதுக்கு? நல்லா வந்தத எதுக்குக் கெடுக்கணும்?”

“மூணு ஒண்ணும் சொல்லாது, கிளீட். மூணு யாருக்கும் வரும்.”

கிளீட்டின் சிரிப்பு உதட்டில் இருந்தது, கண்ணில் இல்லை. “நோரீன் உங்கிட்ட வந்தாளா?”

ஆர்விட் சரியாகவே இருந்த மணல் மூட்டையைச் சரிசெய்தார்.

கிளீட் மெல்ல உட்கார்ந்து நாலாவது தோட்டாவை எடுத்தார். அது துப்பாக்கிக்குள் போகாமல் இரும்பு விளிம்பில் தட்டிக்கொண்டே இருந்தது, குளிரில் பல் தந்தியடிப்பதுபோல. ஆர்விட் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தொலைநோக்கியில் கண்ணை அழுத்தி வைத்துக்கொண்டார். நூறு கஜத்துக்கு அப்பால், புல்வெளிக் காற்றில் அந்த வெள்ளைக் காகிதம் லேசாக உப்பி அடங்கிக்கொண்டிருந்தது.