எவ்வளவு கம்மியா எரியும்?

மேனேஜர் நீட்டிய கடிதத்தில் 'கவனக்குறைவு' என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது. அவள் எண்ணிப் பார்த்தாள். முதல் இடத்தில் 'கவனக்குறைவு', இரண்டாவதில் 'கடும் கவனக்குறைவு', மூன்றாவதில் 'வயது காரணமான கவனக்குறைவு'. அந்த மூன்றாவதைப் படித்தபோது கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

பத்தொன்பது வருடமாகச் சின்ன விமானம் ஓட்டுகிறவள் அவள். சிறிய ஊர் மருத்துவமனைகளில் எடுத்த ரத்த மாதிரிகளை இருட்டிய பிறகு ஏற்றிக்கொண்டு, பெரிய பரிசோதனைக்கூடம் இருக்கும் ஊரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேலை. ஒற்றை எஞ்சின், ஒற்றை ஆள். இத்தனை வருடத்தில் ஒரு குப்பி உடைந்ததில்லை.

"கையெழுத்து போட்டுட்டுப் போங்க. எனக்கு வேற வேலை இருக்கு," என்றார் மேனேஜர்.

"கிரேனை நான் பாக்கலை, அது உண்மை. ஆனா தாள்ல கிரேன்னு ஒரு வார்த்தை இல்ல. ஒவ்வொரு வரியா படிச்சுட்டுத்தான் இறங்கினேன்."

மேனேஜர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் தட்டி வைத்தார். ஒவ்வொரு ஓடுபாதைக்கும் இப்படி ஒரு குறிப்புத் தாள் உண்டு. நீளம், அகலம், காற்று, விளக்குகள் எல்லாம் கறுப்பில் அச்சாகியிருக்கும். ஏதாவது மாறினால் ஆபீஸ் கிளார்க் பகலிலேயே கையால் திருத்தி, விமானத்திலிருக்கும் கோப்பில் செருகிவிடுவார். இந்தத் தாளின் நடுவில், சிவப்பு மையில், இரண்டு முறை அடிக்கோடிட்டு எழுதியிருந்தது: 'கிழக்குக் கோடியில் உயரமான கிரேன். விளக்கு இல்லை. மேற்கிலிருந்து மட்டும் இறங்கவும்.'

முந்தின ராத்திரி அவள் கிழக்கிலிருந்துதான் இறங்கினாள். ஊர் விளக்குகளுக்கு நடுவே ஒரு கறுப்புக் கோடு திடீரென்று எழுந்து நின்றதும், கைகள் தாமாகவே விமானத்தை ஒடித்துத் திருப்பியதும் இன்னும் தோளில் வலியாக இருந்தன. ஓடுபாதைக் காவலாளி போன் போட்டு, "உங்க பைலட்டுக்குக் கண்ணு தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டாராம். மேனேஜர் அந்தக் கேள்வியை அப்படியே பிடித்துக்கொண்டார்.

"இத்தனை பெரிசா எழுதியிருக்கு. நாப்பத்தேழு வயசாச்சு உங்களுக்கு. கண் டாக்டரைப் பாத்துட்டு வாங்க. அதுவரைக்கும் ராத்திரி ஓட்ட வேண்டாம்."

அவள் கையெழுத்துப் போடவில்லை. தாளை இன்னொரு முறை எடுத்துப் பார்த்தாள். எழுத்து கண் முன்னால் இருக்கிறதே!

நாலாம் நாள்தான் நேரம் கிடைத்தது. கண் மருத்துவர் ஒரு மணி நேரம் சோதித்தார். எழுத்துப் பலகை, நிறப் புள்ளிகள், இருட்டறை, கண்ணில் சொட்டு மருந்து, எல்லாம் ஆனது. "படிக்கறதுக்கு ஏற்கனவே போடற கண்ணாடி போதும். மத்தபடி உங்க கண்ணு என் கண்ணைவிட நல்லா இருக்கும்மா," என்று சொல்லிச் சான்றிதழ் கொடுத்தார். வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். கண் நன்றாக இருக்கிறது என்றால் மிச்சம் இருப்பது புத்திதான். புத்தி போய்விட்டதா? கண் போயிருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஒரு நிமிடம் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அவள் கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. அவள் உள்ளே நுழைந்தபோது அவர் வெட்டு மேசைக்கு அடியில் தலையை விட்டு எதையோ துழாவிக்கொண்டிருந்தார்.

"அளவுச் சீட்டு ஒண்ணு பறந்து உள்ள போயிடுச்சு. கோட்டுக்காரர் சாயங்காலம் வந்துருவாரு. கொஞ்சம் பாரேன்."

மேசைக்கு அடியில் துணி மூட்டைகள் அடைத்து, பட்டப்பகலிலும் கும்மிருட்டு. அவள் பையிலிருந்து கம்பெனி கொடுத்த தலைவிளக்கை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தாள். மூட்டைக்குப் பின்னால் சீட்டு கிடந்தது.

"கிடைச்சுதுங்க. மார்பு நாப்பது, இடுப்பு முப்பத்தாறு, கை இருபத்தி நாலு."

"அடிச்சுத் திருத்தினதைப் படி. கை இருபத்தி மூணரைன்னு போட்டிருப்பேன்."

"திருத்தல் எதுவும் இல்லையே."

"நல்லாப் பாரும்மா. ரெண்டாவது தடவை அளந்தப்ப எழுதினேன். கொட்டை எழுத்துல இருக்கும்."

"இல்லைங்க. இருந்தா சொல்ல மாட்டேனா?"

அவர் தன் போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு பக்கத்தில் குனிந்தார். சீட்டில் சிவப்புப் பேனாவால் பெரிதாக எழுதியிருந்தது: இருபத்து மூன்றரை. அவள் போனைத் தள்ளிவிட்டாள். எழுத்து காணாமல் போனது. போனைப் பிடித்து இழுத்தாள். எழுத்து வந்தது.

மேசைக்கடியில் மண்டியிட்டபடியே அவள் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். கம்பெனி விளக்கில் சிவப்பு ஒளி மட்டும்தான் உண்டு. சிவப்பு ஒளியில் வெள்ளைத் தாளே சிவப்பாகிவிடும். அதில் சிவப்பு மை எங்கே தெரியும்? பயிற்சிக் காலத்தில் படித்திருக்கிறாள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறாள். அப்புறம், போன மாதம் கம்பெனி இந்த விளக்கைக் கொடுக்கும்வரை, பத்தொன்பது வருடமும் சொந்த டார்ச்சின் மங்கலான வெள்ளை ஒளியிலேயே ஓட்டியதால் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"என்னாச்சு? இடுப்பு பிடிச்சுக்கிச்சா?" என்றார் கணவர்.

"என்னைக் கிழவின்னு எழுதிக் குடுத்தான் பாருங்க அந்த ஆளு," என்றாள் அவள். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

மறுநாள் காலை மேனேஜர் நாற்காலியில் உட்காருவதற்குள் அவள் அறைக்குள் இருந்தாள். அவரையும், கிளார்க்கையும், வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்த இன்னொரு பைலட்டையும் ஜன்னலில்லாத ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த பைலட்டை எல்லாரும் மீசை என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக அவளோடு வேலை செய்கிறவன், மதியச் சாப்பாட்டைப் பங்கு போட்டுக்கொள்கிறவன். அவனுக்கு அவள் அக்கா.

கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, கம்பெனித் தலைவிளக்கை மேனேஜர் கையில் கொடுத்து, அவர் இழுப்பறையிலிருந்த அதே குறிப்புத் தாளை நீட்டினாள். "படிங்க சார். சத்தமா."

மேனேஜர் படித்தார். ஓடுபாதை நீளம் படித்தார். காற்றுத் திசை படித்தார். கிரேன் வர வேண்டிய இடத்தில் ஒரு கணம் நின்று, அடுத்த வரிக்குப் போனார். கிளார்க் இருட்டில், "ஐயோ," என்றார். பாவம், எழுதியது அவர்தான்.

கதவு திறந்ததும் மேனேஜர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "வெள்ளை லைட்டு இருந்தா யாராவது இறங்கற நேரத்துல தவறிப் போட்டுக் கண்ணு கூசி நிக்கறாங்கன்னுதானே சிவப்பு மட்டும் வர்றதா வாங்கினேன்? போன வருஷம் ஒருத்தர் அப்படி ரெண்டு நிமிஷம் குருடா பறக்கலையா? நல்லதுக்குத்தான் பண்ணேன்."

"நல்லதுக்குப் பண்ணீங்க. எங்க டார்ச்செல்லாம் பிடுங்கி வெச்சதும் நல்லதுக்கா? வாங்கறதுக்கு முன்னாடி ராத்திரி ஓட்டறவங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"சரி, லைட்டை மாத்திடலாம். நீங்களே போய்ப் பாத்து எடுத்துட்டு வாங்க. ஆனா கடிதம் அப்படியேதான் இருக்கும். லைட்டுதான் காரணம்னா மத்தவங்களுக்கும் நடந்திருக்கணும்ல? உங்களுக்கு ரெண்டு நாள் முன்னாடி மீசை அதே இடத்துக்குப் போயிட்டு வந்தாரு. ஒண்ணும் ஆகலையே. என்ன மீசை?"

அவள் மீசையைப் பார்த்தாள். மீசை தன் ஷூவைப் பார்த்தான்.

"காத்து... மேற்குலேர்ந்து இறங்கறதுக்குத் தோதா இருந்துச்சு சார்," என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

விமானக் கொட்டகைக்குப் பின்னால் அவனைப் பிடித்தாள். "நீயும் பாக்கலை."

"அக்கா..."

"பாத்தியா, பாக்கலையா?"

"பாக்கலை." அவன் குரல் இறங்கிவிட்டது. "உங்க விஷயம் வெளிய வந்தப்புறம் கிளார்க்கிட்ட போய்த் தாளை வாங்கிப் பாத்தேன். அத்தனை பெரிசா எழுதியிருக்கு, எனக்கு ஒண்ணுமே தெரியலையேன்னு ஆடிப்போயிட்டேன். எனக்குக் கண்ணு போயிடுச்சுன்னு நெனச்சேன்க்கா. அடுத்த மாசம் மெடிக்கல் டெஸ்ட் வருது. வெளிய சொன்னா வேலையே போயிடும்."

"அதனால என் கண்ணு போனா பரவால்லைன்னு விட்டுட்ட."

"அப்படி இல்லக்கா..."

"வேற எப்படி? நாலு நாளா என் கூட உக்காந்து சாப்பிட்ட. 'டாக்டர்கிட்ட போனீங்களா, என்ன சொன்னாரு'ன்னு கேட்டியே, அது அக்கறைன்னு நெனச்சேன் நான். உனக்கு வைத்தியம் பாத்திருக்க, என் கண்ண வெச்சு! ரெண்டு பேரும் வாயைத் திறந்திருந்தா அன்னைக்கே லைட்டுன்னு தெரிஞ்சிருக்கும். காத்து மாறியிருந்தா உன் பொண்டாட்டி புள்ளைக்கு யார் பதில் சொல்லியிருப்பா?"

மீசைக்குக் கண் கலங்கிவிட்டது. அது அவள் கோபத்தை இன்னும் கிளறியது. "அழுகையெல்லாம் எனக்கு வேண்டாம். எழுதிக் குடு. அதே தாளு, அதே லைட்டு, எனக்கும் தெரியலைன்னு எழுதி மேனேஜர் மேசையில வை."

"யோசிச்சு சொல்றேன்க்கா," என்றான் அவன்.

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அந்தக் கோபத்தோடேயே கடைத்தெருவுக்குப் போனாள். மலையேறுகிறவர்களுக்கும் கூடாரம் போடுகிறவர்களுக்கும் சாமான் விற்கிற கடை. கடைக்காரர் உற்சாகமாக ஒரு தலைவிளக்கை எடுத்து வைத்தார்.

"இதைப் பாருங்க மேடம். அரை கிலோமீட்டர் தூரம் அடிக்கும்."

"எவ்வளவு கம்மியா எரியும்?"

"என்னது?"

"கம்மியா, ரொம்பக் கம்மியா வெச்சா எவ்வளவு எரியும்?"

கடைக்காரர் இருபது வருட வியாபாரத்தில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை போலிருந்தது. "எதுக்கு மேடம்?"

"விமானம் ஓட்ட."

"விமானத்துல லைட்டு இருக்குமே!"

"இருக்கும். அணையப் போறேன்னு சொல்லிட்டு அணையாது."

அவள் ஏழு நிறப் பேனாக்களால் எழுதிய ஒரு தாளைப் பையிலிருந்து எடுத்தாள். மழைக்கோட்டு போட்டுப் பார்க்கும் திரை மறைவுக்குள் விளக்குகளை அள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். ஒன்று, அழுத்தியதும் முழு வெள்ளையாகப் பளீரென்று அடித்து, மூன்றாவது அழுத்தலில்தான் மங்கியது. அதற்குள் கண்ணின் இருட்டுப் பழக்கம் போய்விடும், வெளியே வீசினாள். ஒன்று, நடுவில் விட்டு விட்டு மின்னியது. "ஆம்புலன்ஸ்னு நெனச்சுக்கும் போல," என்று அதையும் தள்ளினாள். கையை அசைத்தாலே எரிகிற ஒன்றை, "இதைக் கண்டுபிடிச்சவன் ஒரு தடவை என் சீட்ல உக்காரட்டும்," என்று திருப்பிக் கொடுத்தாள். சார்ஜ் மட்டுமே ஏறுகிற ஒன்று. தீர்ந்தால் நடு வானத்தில் எங்கே போய்ச் செருகுவது? இன்னொன்று தலையை ஆட்டும் பக்கமெல்லாம் ஒளியை நேராக அடித்தது, விமானத்தின் எதிர்க் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும், மடியைப் பார்த்துச் சாயவில்லை.

கடைக்காரர் திரைக்கு வெளியே நின்றபடி, "இதுவும் வேண்டாமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

கடைசியில், அலமாரியின் அடித்தட்டில் தூசி படிந்த ஒரு ரகம் கிடைத்தது. பார்க்க மகா அசிங்கம். பக்கத்தில் தடித்த திருகு. திருகினால் இருட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள் கலந்த வெள்ளை எழும்பும். சிவப்பு ஒளிக்குத் தனிப் பொத்தான், விரலுக்கே வித்தியாசம் தெரியும். கழுத்தை வளைத்து மடியைப் பார்க்கிற மாதிரி நிறுத்தலாம். சாதாரண பேட்டரி. ஆகக் குறைந்த வெளிச்சத்தில் தாளைப் பார்த்தாள். ஏழு நிறமும் தெரிந்தன. தலைவிளக்கு கீழே விழுந்தால் கைவசம் இருக்கட்டும் என்று கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுகிற சின்ன டார்ச் ஒன்றும் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் போனபோது மேனேஜர் மேசையில் மீசையின் கையெழுத்தோடு ஒரு பக்கம் இருந்தது. ராத்திரி முழுக்க அடித்து அடித்து எழுதியிருக்கிறான் போல. மேனேஜர் விளக்கைத் திருகிப் பார்த்தார், மறுபடி திருகிப் பார்த்தார். பிறகு அவள் கடிதத்தைக் கோப்பிலிருந்து உருவினார்.

"ரெண்டு பேர் சொல்றீங்க. இதை எடுத்துடறேன். இனிமே திருத்தமெல்லாம் கறுப்புலதான்னு கிளார்க்கிட்டயும் சொல்லிட்டேன். சந்தோஷம்தானே?"

"என் முன்னாடி கிழிங்க."

"நம்பிக்கை இல்லையா?"

"இல்ல."

அவர் கிழித்தார். வயது என்று எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை, அவளும் காத்திருக்கவில்லை. அன்று ராத்திரி ஓட்டுகிறவர்கள் பட்டியல் இருந்த பலகையில் தன் பேரைத் தானே எழுதினாள்.

விமானத்தருகே மீசை நின்றுகொண்டிருந்தான். பெட்டிகளை ஏற்ற உதவலாமா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு பெட்டியைத் தூக்குவதும் வைப்பதுமாக இருந்தான்.

"எழுதிக் குடுத்துட்டேன்க்கா."

"பாத்தேன்."

"இன்னும் கோவம் போகலையா?"

"போகலை. போச்சுன்னா சொல்றேன்." அவள் பெட்டியை அவன் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்தாள். "அந்த அசிங்கமான லைட்டு உனக்கும் ஒண்ணு எடுத்திருக்கேன். மேனேஜர் ரூம்ல இருக்கு. இன்னைக்கு ராத்திரி அதோட போ."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினைக் கிளப்பினாள்.