தோன்றா எழுவாய்

1

இந்தக் கதை மேல்மாடியிலிருந்து என் வெள்ளைச் சட்டைமேல் சொட்டியது. கதை வானத்திலிருந்து இறங்கும் என்று பேட்டி கொடுக்கிற எழுத்தாளர்கள் உண்டு. எனக்கு இறங்கியது சேற்றுத் தண்ணீர். கொடியில் போட்ட சட்டை பாழானதற்குச் சண்டை போடப் படியேறினேன். கதவைத் திறந்தவளுக்கு முழங்கைவரை மண். பின்னால் பால்கனி நிறையப் பெட்டிகள். ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி வைத்தவை. கண்ணாடிக்கு அந்தப்புறம் வேர்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

“வேரைக் கழுவிட்டிருந்தேன் சார். கீழ துணி கெடக்கும்னு தோணல” என்றாள்.

சண்டைக்குப் போனவன் கதையோடு இறங்கினேன். [கறை போகவில்லை. சட்டையைக் கதையின் கணக்கில் எழுதிவிட்டேன்.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “பரந்து விரிந்த பல்கலைக்கழக வளாகத்தில், அறிவெனும் ஆலமரத்தின் நிழலில்” — அடித்துவிட்டேன். நிழல் இருந்த இடமெல்லாம் கார்கள் நின்றன.

அடுத்து: “அவள் விழிகளில் ஒரு கனவு” — இதையும் அடித்தேன். விழிகளில் இருந்தது தூக்கக் கலக்கம்.

நேராகவே சொல்கிறேன். அந்த வீட்டில் இரண்டு விஞ்ஞானிகள், கணவனும் மனைவியும். ஒரே வகுப்பில் படித்தவர்கள், அதனால் இன்றுவரை வா, போதான். அவன் படித்தது மண்ணை, அவள் படித்தது வேரை. எங்கள் குடியிருப்பில் அவர்களுக்கு மண்காரன், வேர்க்காரி என்றே பெயர். இந்தக் கதைக்கும் அது போதும். இருவருமே ஆளுக்கொரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர்கள். ‘தற்காலிகம்’ என்பது அங்கே தலைமுடி நரைக்கும்வரை நீடிக்கக்கூடிய காலம்.

அப்போதுதான் அந்த விளம்பரம் வந்தது. பல்கலைக்கழகத்தின் மண்ணியல் துறைக்கு உதவிப் பேராசிரியர் தேவை. வேருக்கும் மண்ணுக்கும் இடையே நடப்பதை ஆராய்ந்தவராக இருக்கவேண்டும். ஒரே ஒரு இடம்.

“நீ போடு. அது உன் வேலைதான்” என்றான் அவன்.

“ரெண்டு பேருமே போடுவோம். யாருக்குக் கெடச்சாலும் நம்ம வீட்டுக்குத்தானே வருது?” என்றாள் அவள்.

(வாசகரே, இந்தப் பெருந்தன்மையை நம்பிவிடாதீர்கள். சொல்லும்போதே தனக்கு நம்பிக்கை இல்லை என்று அவளே பின்னால் ஒப்புக்கொண்டாள்.)

3

அவள் வேலை என்ன என்று சொல்லாமல் கதை நகராது. ஒரு செடியைப் பிடுங்கினால் சில வேர்கள் மொட்டையாக வரும். சில, சட்டைக்கை போட்டதுபோல் மண்ணைப் போர்த்திக்கொண்டு வரும். வேர் ஒரு பசையைக் கசியவிடுகிறது, அதன் மெல்லிய மயிர்கள் மண்ணைப் பற்றிக்கொள்கின்றன. மழை பொய்த்தால் இந்தப் போர்வை தடித்த செடிகள் சற்றுத் தாக்குப்பிடிக்கும். எந்த ரகத்துக்கு எவ்வளவு போர்வை என்பதுதான் அவளுடைய பல வருடப் பாடு.

அவன் பெட்டி தூக்கினான். அவள் ஊரில் இல்லாதபோது தண்ணீர் ஊற்றினான். கட்டுரையில் எழுத்துப்பிழை பார்த்தான். [குறிப்பு: எழுத்துப்பிழை பார்க்கிறவர்களுக்கு நாளடைவில் எல்லாம் தாங்களே எழுதியது போலத் தோன்றும். என் பிழைதிருத்துநருக்கும் இந்த வியாதி உண்டு.]

4

நேர்காணல் நடந்த மண்ணியல் துறையின் வாசலில் ஒரு பலகை: ‘காலில் மண்ணோடு உள்ளே வராதீர்.’ இதை நான் இட்டுக்கட்டினேன் என்று நினைப்பீர்கள். அந்த அளவுக்கு எனக்குத் திறமை கிடையாது.

தேர்வுக் குழுவின் தலைவர் கடைசியாக மண்ணைத் தொட்டது வீட்டுமனை வாங்கப் போனபோது. அகரவரிசைப்படி மண்காரனை முதலில் கூப்பிட்டார்கள். வேர்க்காரி வெளியே பெஞ்சில்.

உள்ளே அவன் என்ன சொன்னான் என்பதில்தான் என் பேனா மாட்டிக்கொண்டது. வேரும் மண்ணும் பற்றிக் கேட்டார்கள். அவனுக்கு நாக்கு நுனியில் இருந்தது அவள் ஆய்வுதான்.

முதல் வரைவில் “நான் கண்டுபிடிச்சேன்” என்று அவனைச் சொல்லவைத்தேன். அசல் வில்லன் ஆகிவிட்டான். காய்ச்சலில் அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவன் அவன். அடித்தேன். இரண்டாவதில் “நாங்க கண்டுபிடிச்சோம்.” பாதி உத்தமன். அதையும் அடித்தேன். அவனே அவளிடம் ஒப்புக்கொண்டது இது: “கண்டுபிடிச்சது என்னன்னா...” என்று தொடங்கினானாம்.

கண்டுபிடித்தது யார்? வாக்கியத்தில் ஆளே இல்லை. தோன்றா எழுவாய் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். தமிழ் இப்படி ஒரு வசதியைச் செய்துவைத்திருக்கிறது. காலி இடத்தில் குழுவே அவனை உட்காரவைத்துக்கொண்டது. அவன் மறுக்கவில்லை.

5

அடுத்து அவள். பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் தலைவர் கையை உயர்த்தினார்.

“இதைத்தான் உங்க வீட்டுக்காரர் இப்ப சொல்லிட்டுப் போனாரு. உங்க சொந்த வேலை எதாவது இருந்தா சொல்லுங்கம்மா.”

‘அது என்னுடையது’ என்றால் வெளியே உட்கார்ந்திருப்பவன் திருடன். சும்மா இருந்தால் அவளே திருடி. சற்று யோசித்துவிட்டுக் கேட்டாள்:

“இது எந்த மண்ணுல வேலை செய்யாதுன்னு அவர் சொன்னாரா?”

அவளே சொன்னாள். களிமண்ணில் எல்லா வேரிலும் மண் அப்பிக்கொள்ளும். எது பசையால் ஒட்டியது, எது சும்மா ஒட்டியது என்று பிரிக்க முடியாது. இரண்டு பருவம் அதில் தோற்றிருக்கிறாள். தோற்ற இடம் செய்தவளுக்குத்தானே தெரியும்? இங்கே கைதட்டல் வைத்திருந்தேன். நடக்காததால் எடுத்துவிட்டேன்.

6

வேலை அவனுக்குக் கிடைத்தது. தலைவர் சொன்ன காரணம் அலுவலகம் வழியாகக் கசிந்தது: கணவர் வெற்றியைப் பற்றிப் பேசினார், அந்தம்மா தோல்வியைப் பற்றியே பேசினார், துறைக்கு உற்சாகமான ஆள்தான் வேண்டும்.

அன்று வீட்டில் சத்தமே இல்லை. எனக்குத் தெரியும், எங்கள் கூரைதான் அவர்கள் தரை.

“சொல்லும்போது என் பேரு ஞாபகம் வந்துச்சா?” என்று கேட்டிருக்கிறாள்.

“வந்துச்சு.”

“அப்புறம்?”

“அதுக்குள்ள வாக்கியம் முடிஞ்சிருச்சு.”

வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். அவன் விட்டால் அது மூன்றாவது ஆளுக்குத்தான் போகும், தனக்கு வராது, போய்ச் சேர் என்றாள். சேர்ந்தான். அதில் அவன் காட்டிய தயக்கம் ஒரு மதியச் சாப்பாட்டைக்கூடத் தாண்டவில்லை.

சேர்ந்த கையோடு தலைவர் அவனை அழைத்து, அந்தப் போர்வை விஷயத்தைப் பல்கலைக்கழகப் பண்ணையிலேயே செய்துகாட்டச் சொன்னார். பண்ணை முழுக்கக் களிமண். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவன் கேட்டதுதான் கதையின் கடைசிக் கேள்வி:

“களிமண்ணுல எப்படிக் கழுவினா பிரிச்சு அளக்கலாம்?”

நேர்காணலுக்குப் பிறகு, ஆத்திரத்திலேயே உட்கார்ந்து அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அதுவரை அவனிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள், வழி என்ன என்பதைத் தவிர.

7

முடிவு அ: சொல்லிக்கொடுத்தாள். (குடும்பப் பத்திரிகைக்கு.)

முடிவு ஆ: பெட்டிகளோடு வீட்டைவிட்டு வெளியேறினாள். (பரிசுப் போட்டிக்கு. அத்தனை பெட்டிகளையும் யார் தூக்குவது?)

முடிவு இ: “கண்டுபிடிச்சது என்னன்னா” என்று தொடங்கி, நிறுத்தி...

மூன்றும் பிடிக்காமல் படியேறிப் போனேன். அன்று அவனுக்கு என்ன பதில் சொன்னாள் என்று கேட்டேன். கையில் கழுவின வேர் ஒன்றை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“கதை யார் பேர்ல வருது சார்?”

“என் பேர்லதான்.”

“அப்ப முடிவையும் நீங்களே கண்டுபிடிங்க.”

கதவைச் சாத்திவிட்டாள். என்னால் முடியவில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவளிடம் போய் மட்டும் கேட்காதீர்கள்.