அந்தரங்கக் கூடை

மனிதகுலம் வெட்கத்திலிருந்து விடுதலை பெற்ற நாளென்று வரலாறு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவைக்குமானால், அது கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் நிக்கலஸ் மைக்கைப் பிடித்த ஞாயிறாகத்தான் இருக்கும். மைக் வேலை செய்யவில்லை. யாரோ வந்து பிளக்கை மாட்டினார்கள்.

மேபல் ஸ்டோர்ஸின் இணையக் கடையைக் கட்டியவர் அவர்தான். கடைக்காரி மேபல் அவருடைய மனைவி லவினாவின் அக்கா. எட்டு மாதமாக வேலையில்லாத நிக்கலஸ் விசிட்டிங் கார்டில் ‘சிஸ்ரம் ஆர்க்கிடெக்ட்’ என்று அடித்திருந்தார். வேலை இருந்த காலத்தில் அவர் ஒரு கந்தோரில் பிரிண்டருக்கு மை மாற்றியவர். இது லவினாவுக்குத் தெரியாது. முன்வரிசையில் வெள்ளவத்தை வியாபாரிகள் சங்கத் தலைவர் இராசரத்தினம் இருந்தார். இந்தக் கடை ஒழுங்காக ஓடினால் சங்கத்தின் பன்னிரண்டு கடைகளுக்கும் இணையக் கடை கட்டும் வேலை நிக்கலஸுக்குத்தான் என்று சொல்லியிருந்தார்.

“இனி எவரும் கூச்சப்படத் தேவையில்லை,” என்றார் நிக்கலஸ். “உங்கள் கூடையில் இருப்பதை உங்களையும் சேர்வர் கணினியையும் தவிர இப்பூவுலகில் ஒருவரும் அறியார். கைபேசியில் கடையைத் திறந்து, விரும்பியதைப் போட்டுப் பாருங்கள்.”

தனது பேச்சை முதலில் நம்பியவர் அவரேதான். மற்றவர்கள் கைபேசிக்குள் குனிந்திருந்த நேரத்தில், நெடுநாள் ஆசையான ஒரு சாமானை அவரும் கூடையில் போட்டார்.

பெரிய திரையில் மேபலின் மாதிரிக் கூடை தெரிந்தது. அதில் மெழுகுதிரி, ஒரு பெட்டி. அதன் கீழே தலைமயிர்ச் சாயம் வந்து உட்கார்ந்தது. பிறகு பல்செட் ஒட்டும் பசை. பேன் ஷம்பூ, குடும்ப அளவு. கடைசியாக, ஆண்களுக்கான வயிறு இறுக்கும் பெனியன், அளவு நாற்பத்திரண்டு.

எல்லோரும் தங்கள் கைபேசியைப் பார்த்தார்கள். அங்கும் அதே பட்டியல்.

புதுக்கடை நீதிமன்றத்தில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்த ஒஸ்வால்ட் எழுந்தார். “இது ஆற்ற பேன், நிக்கலஸ்?”

மேபலின் பக்கத்துக் கடை பௌஸியின் மகள் நப்லா, கம்பஸில் கணினி படிப்பவள், மேடையோரம் வந்து மெதுவாகக் கேட்டாள். “அங்கிள், எல்லாருக்கும் பொதுவா ஒரே கூடையா வெச்ச?”

அப்படித்தான். சேர்வர் தொடங்கும்போது வெற்றுப் பட்டியல் ஒன்றை உண்டாக்கி, யார் எதைப் போட்டாலும் அதற்குள்ளேயே விழும்படி எழுதியிருந்தார். போடுவது யாரென்று அது கேட்பதில்லை.

“டெஸ்ட் பண்ணேக்க நல்லாத்தானே வேலை செஞ்சது.”

“எத்தின பேர் சேர்ந்து டெஸ்ட் பண்ணின?”

“நான்தான்.”

இராசரத்தினம் கோபப்படவில்லை. “ஓர்டர் எண்டா ஓர்டர். நாலு சாமானும் ஆற்ற எண்டு வியாழனுக்குள்ள கண்டுபிடிச்சுச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு பன்னிரண்டு கடையைப் பற்றிக் கதைப்பம்.”

நிக்கலஸ் வீடு வீடாகப் போனார். ஒஸ்வால்ட் கேற்றடிக்கு வந்து, கன்னங்கரேலென்ற தலையைத் தடவியபடி, சாயம் மனைவிக்கு என்றார். மனைவி இறந்து ஆறு வருடம். பாடற்குழுவை நடத்தும் மாக்ரெட் அன்ரி, பசை தனக்குத்தான் என்பதை வாயைத் திறக்காமலே ஒப்புக்கொண்டார். பேனுக்கு உரியவள் ஃபோனில் அழுதாள். “பிள்ளைக்கு, அண்ணே. எனக்கில்ல.” ஒவ்வொரு படலையடியிலும் நிக்கலஸ் மன்னிப்புக் கேட்டார். அவர்களும் எப்படியோ சொல்லிவிட்டார்கள்.

வியாழக்கிழமை மேபலின் கடையில் எல்லோரும் கூடினார்கள். மேபல் பெனியனை மேசைமேல் விரித்து வைத்தாள். “அப்ப இது?”

நிக்கலஸின் காது சுட்டது. லவினா பக்கத்தில் நின்றாள். ஒரு சொல் போதும். பன்னிரண்டு கடை.

“ஒருத்தரும் சொல்லேல்ல, அக்கா.”

“பாவம்,” என்றாள் லவினா. “ஆரோ சரியா வெக்கப்படுறார் போல.”

“அப்ப நாலாவது ஆளை உங்கட சிஸ்ரத்துக்குத் தெரியாது,” என்றார் இராசரத்தினம்.

“தெரியாது.”

“உங்களுக்கும் தெரியாது.”

நிக்கலஸ் பெனியனின் விலைச்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இல்ல, ஐயா.”

இராசரத்தினம் குடையை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார். பன்னிரண்டு கடைகளின் கூடைகளையும் இப்போது நப்லா எழுதுகிறாள்.

மேபல் பெனியனை மடித்துத் திரும்ப அலுமாரியில் வைத்தாள். அதன் அளவு நாற்பத்திரண்டு. நிக்கலஸின் அளவு நாற்பத்தாறு.