பிலோமியின் கால் மாத்திரை

எல்லோரும் நலமா? போன வாரத்து மழையில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குச் சளிக்காய்ச்சல். உங்கள் பக்கம் எப்படி? எனக்கு முட்டிவலி மட்டும்தான், அதைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன். பிலோமியைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

திருவொற்றியூரில் பிலோமி என் கீழ்வீட்டுக்காரி. அவள் கணவன் ஆன்றோ ராயபுரத்தில் படகுகளுக்கு வேண்டிய நைலான் கயிறு, பெயிண்ட் விற்கிறான். ஒரே மகள் ஜெஸ்லின் மஸ்கட்டில் இருக்கிறாள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வந்து கூட இருக்கவேண்டும் என்றாள். அந்த நேரம் பார்த்து பிலோமிக்குக் காலில் ரத்தம் கட்டி வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஆன்றோவோடு நானும் போனேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்து, விடாமல் சாப்பிடச் சொன்னார்கள். வீக்கம் வடிந்ததும், விமானத்தில் போகலாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

"ஜெஸ்லினாண்ட மூச்சு வுடாதக்கா. தெரிஞ்சா வரவே வாணாம்னுடும்" என்றாள் பிலோமி. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரு பெப்பர்மின்ட் டப்பாவில் போட்டுக்கொண்டாள்.

டிக்கெட் எடுத்துக் கொடுத்த சுடலைராஜ்தான் பயண இன்சூரன்ஸும் போட்டுக் கொடுத்தான். "சக்கர, பிரசரு, மாத்திர, எது கேட்டாலும் இல்லன்னுடுங்க மாமா. இருக்குன்னுட்டா அப்பால ஒரு பைசா தரமாட்டானுங்க" என்று ஆன்றோவிடம் படித்துப் படித்துச் சொன்னான். ஊரே இப்படித்தான் சொல்கிறது, எங்களுக்கும் அது தப்பாகப் படவில்லை.

பிலோமி போய்ச் சில வாரம் ஆகியிருக்கும். நான் துணி காயப்போடக் கயிறு வாங்க ஆன்றோ கடையில் நின்றிருந்தேன். அவன் போன் அடித்தது. வெளியே கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல், அதனால் ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், இன்சூரன்ஸ் அவசர உதவியிலிருந்து மகிழினி பேசறேன். உங்க மிசஸ் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. தலையில அடி, மயக்கமா இருக்காங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதுனா சாப்பிடறாங்களான்னு அங்க டாக்டர் கேக்கறார். உங்க பொண்ணுக்குத் தெரியலையாம்."

ஆன்றோ என்னைப் பார்த்தான்.

"இல்லம்மா. அவளுக்கு ஒரு நோவும் கிடையாது."

போன் நின்றதும் கேட்டேன். "இன்னா நைனா, அந்தக் கால் மாத்திர?"

"சும்மா இருக்கா. சொன்னா இன்சூரன்ஸ் செல்லாது."

"உயிரு போய்கினு கீது, நீ இன்சூரன்ஸ் பேசிகினு கீற."

"உயிருக்குத்தாங்கா சொல்றேன். துட்டு இல்லன்னு தெரிஞ்சா வைத்தியத்த நிறுத்திட்டா? இந்தக் கடைய வித்தாலும் அந்த ஊரு ஆஸ்பத்திரிக்குப் பத்தாது."

அவன் கண் கலங்கியிருந்தது. சுடலைராஜைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றான். சுடலைராஜ் போனை எடுக்கவில்லை. ஆன்றோ திரும்பத் திரும்ப அடித்தான். நான் கெஞ்சினேன், திட்டினேன், போனைப் பிடுங்கப் பார்த்தேன். சட்டைப்பைக்குள் வைத்துக் கையால் பொத்திக்கொண்டான். கடை வாசலில் இருந்த வெயில் உள்ளே வந்துவிட்டது.

"அடிபட்டா ரத்தம் சீக்கிரம் நிக்காது, சாக்கிரதன்னு டாக்டரு சொன்னாரே. நீயும்தான நின்னுகினு இருந்த" என்றேன்.

அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். மகிழினிக்குப் போட்டு, மாத்திரையின் பேரைச் சொன்னான்.

அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. "நான் பணத்துக்காகக் கேக்கல சார். அந்த மாத்திரையோட வேகத்த முறிக்கன்னு தனியா மருந்து இருக்கு. அது குடுக்கத்தான் கேட்டோம். லைன்லயே இருங்க, டாக்டர்கிட்ட சொல்லிடறேன்."

மருந்து கொடுத்தார்கள். ஆபரேஷனும் செய்தார்கள். மறுநாள் காலையில் பிலோமி போய்விட்டாள்.

உடலை ஊருக்குக் கொண்டுவரும் ஏற்பாடெல்லாம் மகிழினிதான் கூடவே நின்று செய்தாள். முன்பே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று அவளிடம் ஆன்றோ கேட்டான். அவள் அங்கத்து டாக்டரைக் கேட்டு, "உறுதியா சொல்ல முடியாதாம் சார்" என்றாள். ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி இன்சூரன்ஸ்காரர்கள் இன்னும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்பதாம் மாதம், ஜெஸ்லினால் வரமுடியவில்லை. அடக்கம் முடிந்து வந்த சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள். "பெரிம்மா, நீ கடையிலதான இருந்த? மாத்திர விஷயத்த அப்பா ஒடனே சொல்லிட்டாரா?"

வாயைத் திறந்தேன். பக்கத்தில் இருந்த ஆன்றோ போனை என் கையிலிருந்து வாங்கினான்.

"இல்ல பாப்பா. மொதல்ல இல்லன்னுதான் சொன்னேன்."

போன் கட்டாகிவிட்டது.

பெண் குழந்தை பிறந்திருக்கிறது. படம் என் போனுக்கு வந்தது, அவனுக்கு வரவில்லை. கடைக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "மூக்கு பிலோமிது" என்றான். பெயிண்ட் கேட்டு ஆள் வந்தது. போனைக் கொடுத்துவிட்டு எழுந்து போனான்.

அவனுக்கும் ஒரு படம் அனுப்பு என்று ஜெஸ்லினிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது வெளியூரில் இப்படி நடந்திருக்கிறதா? அதற்கப்புறம் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேச ஆரம்பித்தீர்கள்? எழுதுங்கள்.